வட்டில் இடம் அறிதல்



உலை வைக்கும் தாய், அரிசியைக் களைந்து போட்ட பிறகா பானை கொள்ளுமா என்று பார்க்கிறாள்? முன்னமே அளந்துகொள்கிறாள் அல்லவா? மடிக்கணினியில் காணொலி தொகுக்கும் நீங்களும் அவ்வாறே அளந்துகொள்ள வேண்டும். அளக்காமல் நான் அடைந்த இழப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு பணியாற்றிய முதிய தமிழாசிரியர் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் பேசவைத்துப் படம் பிடித்தேன். மூன்று மணி நேரப் பேச்சு. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய நினைவுநாளுக்காக அப்பேச்சில் இருபது நிமிடங்களைத் தொகுத்து, ஒரே கோப்பாக ஆக்குமாறு கணினிக்குக் கட்டளையிட்டேன். எக்ஸ்போர்ட் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். பாதி வேலையில், வட்டில் இடமில்லை என்று கணினி நின்றுவிட்டது. பதறிப்போய்ப் பெரிய கோப்புகளாகப் பார்த்து அழித்தேன். அப்போதும் இடம் பெருகவில்லை. அழித்தவை கணினியின் குப்பைத்தொட்டியிலேயே கிடந்தன. அதனையும் காலி செய்தேன். இடம் கிடைத்தது, ஆனால் போனவை மூலப் பதிவுகள்! நான் தொகுத்து வைத்திருந்ததோ, எந்தப் பதிவில் எவ்விடத்தை எடுப்பது என்னும் குறிப்பு மட்டுமே. மூலம் இன்றிக் குறிப்பால் என்ன பயன்? அவர் மகனுக்கு முன்பு அனுப்பியிருந்த ஐந்து நிமிடத் துணுக்கே இன்று எஞ்சியுள்ளது.

இவ்விழப்பைத் தவிர்க்க ஓர் எளிய பெருக்கல் போதும். ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை எக்ஸ்போர்ட் செய்யுமுன் மென்பொருளில் காணலாம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 16 மெகாபிட் என்பது வினாடிக்கு 2 மெகாபைட். இருபது நிமிடத்திற்கு 1,200 வினாடிகள். 2,400 மெகாபைட், அதாவது 2.4 ஜிகாபைட் வேண்டும். ஒலிக்குச் சிறிது கூட்டிக்கொள்க. சில மென்பொருள்கள் வேலைக்கிடையே தற்காலிகக் கோப்புகளையும் எழுதுவதால், கணக்கில் வந்ததைப் போல் இருமடங்கு இடம் காலியாக இருப்பது நலம்.

2.4 ஜிகாபைட் மிகுதி என்று எண்ணுகிறீர்களா? 1920க்கு 1080 என்னும் அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 3 பைட், வினாடிக்கு 25 படங்கள் என்று சுருக்காமல் எழுதினால், ஒரு நிமிடத்திற்கே 9 ஜிகாபைட்டுக்கு மேல் ஆகும்! பின்னணியில் அசையாதிருக்கும் சுவரை ஒவ்வொரு படத்திலும் எழுதாமல், மாறியதை மட்டும் எழுதுவது ஒரு சிக்கனம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்மைகளை விடுவது மற்றொன்று. இவ்விரண்டாவதற்கு உதவும் கணித முறையை 1974ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள் நாசிர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். 2003இல் வந்த எச்.264 முறையினும் 2013இல் வந்த எச்.265 முறை, அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தரும். ஆனால் கணினிக்கு உழைப்பு மிகுதி.

அப்படியும் இடம் போதவில்லையாயின் எதை நீக்குவது? முன்னோட்டத்திற்கென மென்பொருள் தானே ஆக்கிக்கொண்ட கேஷ் கோப்புகளை நீக்கலாம். தேவைப்பட்டால் அது மீண்டும் ஆக்கிக்கொள்ளும். பழைய எக்ஸ்போர்ட்டுகளையும், அவற்றின் மூலமும் தொகுப்பும் பத்திரமாக இருந்தால், நீக்கலாம். மூலப் பதிவை மட்டும் தொடாதீர்கள். அதன் படி ஒன்றை வெளி வட்டில் எடுத்து வைத்து, அது சரியாக ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பென்டிரைவில் எழுதுவோர் ஒன்று கவனிக்க: அது ஃபாட்32 முறையில் அமைந்திருந்தால், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் 4 ஜிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறையில் அத்தடை இல்லை.

அழிக்கும் பொத்தானில் விரல் வைக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை மீண்டும் ஆக்க முடியுமா?" முடியுமெனில் அழியுங்கள், முடியாதெனில் கையை எடுங்கள். வட்டைக் கடையில் வாங்கலாம். என் நண்பரின் குரலை எந்தக் கடையில் வாங்குவேன்?