உமிச் சாம்பலும் தும்பும்: சீமெந்துச் செலவைக் குறைக்கும் வழி

ஊர் திரும்பி வீட்டைத் திருத்தத் தொடங்கும்போது கையைக் கடிப்பது சீமெந்துச் செலவு. நெல் உமியும் தென்னந்தும்பும் அதில் ஒரு பகுதியைக் குறைக்க உதவும். ஆனால் எல்லா வேலைக்கும் அவை பொருந்தாது.

உமிச் சாம்பல்

உமியை எரித்தால் அதன் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. சீமெந்து இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்புடன் அது சேர்ந்து கலவையைக் கெட்டியாக்கும்.

உமியைக் குவித்து மெதுவாகக் கனல விடுங்கள். சாம்பல் வெளிர் நிறமாக இருக்கவேண்டும். கறுப்பாக இருந்தால் கரி மிஞ்சியுள்ளது, அது பலம் தராது. விறகடுப்புச் சாம்பல் இதற்கு ஈடாகாது. உடைந்த கூரைத் தகடு, வர்ணம் பூசிய மரம், பிளாஸ்டிக் கிடந்த இடத்துச் சாம்பலை எடுக்கவே வேண்டாம்.

கல் அரியும் முறை

1. சாம்பலை இடித்து, மா அரிப்பதுபோல் அரித்தெடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.
2. 9 வாளி சீமெந்துக்கு 1 வாளி சாம்பல் சேர்த்து, நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகக் கலவுங்கள்.
3. இதில் 1 வாளிக்கு 6 வாளி மணல் சேருங்கள். கடல் மணல் வேண்டாம்.
4. சாம்பல் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே சிறிது சிறிதாக ஊற்றுங்கள், கலவை வழியக்கூடாது.
5. அரிந்த கல்லை நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் மூடி, 14 நாள் நனையுங்கள். சாம்பல் கலந்த கல் மெதுவாகவே பலம் பெறும். அவசரப்பட்டுச் சுவர் எழுப்பாதீர்கள்.

தும்பு

சுவர்ப் பூச்சு வெடிப்பதைத் தும்பு குறைக்கும். சாயத் தண்ணீர் போகும்வரை அதை ஊறவைத்துக் கழுவுங்கள். அந்தச் சாயம் சீமெந்து இறுகுவதைத் தடுக்கும். இரண்டு விரல் அகல நீளத்துக்கு வெட்டி, 50 கிலோ சீமெந்துக்குக் கால் கிலோ அளவில் உதறித் தூவுங்கள். கூடினால் உருண்டை கட்டும்.

சேர்க்கக்கூடாத இடங்கள்

அத்திவாரம், தூண், வளை, கதவு யன்னல் நிலைகளுக்கு மேல் வரும் கொங்கிறீற், கூரைத் தட்டு, கிணற்று வளையம் ஆகியவற்றுக்கு இக்கலவையைப் பாவிக்காதீர்கள். தும்பு ஒருபோதும் கம்பிக்கு ஈடாகாது. இங்கே மிச்சம் பிடிப்பது உயிருக்கு ஆபத்து.

தொடங்குமுன்

சாம்பலுடன் ஒரு கல்லும் சாம்பல் இல்லாமல் ஒரு கல்லும் அரிந்து வையுங்கள். 28 நாளின் பின் இரண்டையும் ஆணியால் கீறிப் பாருங்கள். சாம்பல் கல் கூடுதலாக உதிர்ந்தால் அந்தச் சாம்பலை விட்டுவிடுங்கள். உங்கள் மேசனிடமும் காட்டுங்கள்.

மணலோ பொச்சுமட்டையோ எடுக்கப் போகும்போது, கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிக்குள் இறங்காதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.