கொலையைப் பலியென்ற புரூட்டஸ்

ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1599-ஆம் ஆண்டில் இயற்றிய "ஜூலியஸ் சீசர்" என்னும் துன்பியல் நாடகம், கி.மு. 44 மார்ச் 15 அன்று ரோமாபுரியில் நிகழ்ந்த கொலையைப் பொருளாகக் கொண்டது. 1579-இல் தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் வெளியிட்ட புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளே இதற்கு மூலமாகும்.

நாடகத்தின் பெயர் சீசருடையதாயினும், மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே அவன் மடிகிறான். உண்மையான போராட்டம் புரூட்டஸின் மனச்சாட்சியில் நிகழ்கிறது. காசியஸைத் தூண்டுவது பெரும்பாலும் பொறாமை. புரூட்டஸைத் தூண்டுவதோ குடியரசின்மீதுள்ள பற்று. தன் தோட்டத்தில் தனித்து நின்று அவன் செய்யும் தர்க்கத்தை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். சீசர் இதுவரை இழைத்த கொடுமை எதையும் அவனால் சுட்ட இயலவில்லை. முடிசூடினால் கொடுங்கோலனாகக் கூடும் என்னும் ஊகமே போதுமெனத் துணிகிறான். நேராத குற்றத்திற்கு மரண தண்டனை விதிக்கிறான்.

அடுத்த படி இதனினும் அபாயமானது. இச்செயல் கொலையாகத் தோன்றாது பலியாக விளங்கவேண்டும் என்று தோழர்க்குக் கூறுகிறான். அவர்கள் சீசரின் இரத்தத்தில் கைதோய்த்து நின்றபோது, பெயர் மாறியதேயன்றிச் செயல் மாறவில்லை என்பது வெளிப்பட்டது. அந்தோனி அக்காயங்களையே காட்டி மக்களைக் கிளர்ந்தெழச் செய்கிறான். சதிகாரன் ஒருவனின் பெயரைத் தாங்கிய காரணத்தாலேயே, சின்னா என்னும் குற்றமற்ற கவிஞன் கும்பலின் கையில் சிக்குகிறான்.

கி.மு. 42-இல் பிலிப்பியில் தோற்ற புரூட்டஸ் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அப்போருக்குப்பின் ரோமப் போர்வீரர் குடியேற்றப்பட்ட அப்பட்டணத்திற்கே பிற்காலத்தில் பவுல் வந்தார் (அப். 16:12). புரூட்டஸ் காக்க விரும்பிய குடியரசு மீளவில்லை, பேரரசே எழுந்தது.

புரூட்டஸ் தீயவனல்லன். நோக்கத்தின் தூய்மை செயலையும் தூய்மையாக்கும் என்று நம்பிய நல்லவன். நாடகத்தின் எச்சரிக்கையும் இதுவே.