நேர்முடியும் சுருள்முடியும் சந்திக்கும் இடம்

அமெரிக்காவில் வாழும் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோரின் முடி இயற்கையிலேயே இறுகச் சுருண்டு வளர்வது. அதை நேராக்கிக் கொள்வதற்காக அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக ‘ரிலாக்சர்’ என்னும் களிம்பைப் பயன்படுத்தி வருகிறார்கள். சிக்காகோ நகரில் 1954-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஜான்சன், இத்தகைய களிம்புகளைப் பரவலாக்கியவர்களுள் ஒருவர். இதை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. சுருள்முடியோடு வேலைக்கோ பள்ளிக்கோ சென்றவர்கள் ஒதுக்கப்பட்டதும் உண்டு. முடியின் இயல்பைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டத்தை, அந்நாட்டு மாநிலங்களுள் முதன்முதலாகக் கலிபோர்னியா இயற்றியதே 2019-இல்தான்.

களிம்பு பூசிய முடி நேராகி விடுகிறது. ஆனால், முடி வளர்வது வேரிலிருந்து அல்லவா? மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், இறுகிய சுருள்முடியானால் அதைவிடச் சற்றுக் குறைவாக, புதுமுடி தலைத்தோலை ஒட்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது. அது சுருண்டே வளர்கிறது. எனவே, ஒரே இழையில் அடிப்பகுதி சுருளாகவும் மேற்பகுதி நேராகவும் அமைகின்றன. மறுமுறை களிம்பு பூசும் வரை உள்ள இடைக்காலத்தில் இந்த இழைகள் அடிக்கடி முறிகின்றன. ஏன் முறிகின்றன? எவ்வாறு தடுக்கலாம்?

இருவகைப் பிணைப்புகள்

முடி என்பது கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நீண்ட புரதச் சங்கிலிகளை ஏணிப்படிகளைப் போலக் குறுக்கே இணைக்கும் பிணைப்புகளில் இரண்டை இங்கு அறிந்து கொள்ளுதல் வேண்டும். ஒன்று, இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் வலிய பிணைப்பு. மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியே வலுவற்றது, ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தது.

பல ரிலாக்சர்களில் உள்ள பொருள் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது எரிசோடா. இது கந்தகப் பிணைப்பைத் தாக்கி, இரண்டு கந்தக அணுக்களில் ஒன்றை நீக்கி விடுகிறது. எஞ்சிய ஒற்றை அணுவைக் கொண்டு, முடி நேராக இருக்கும் நிலையிலேயே புதிய பிணைப்பு உண்டாகிறது. இம்மாற்றம் நிலையானது. நேராவதற்கு முடி கொடுக்கும் விலை, தன் வலிமையின் ஒரு பகுதி.

ஹைட்ரஜன் பிணைப்பின் கதை வேறு. நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்தால் அது அவிழும். உலர்ந்தால் மீண்டும் கட்டிக்கொள்ளும். பாய் முடைவோர் கோரையை நனைத்த பின்பே முடைகிறார்கள். உலர்ந்த கோரை முறியும், நனைந்த கோரை வளையும். முடியும் அவ்வாறே. நன்கு நனைந்த முடியின் விறைப்பு, உலர்ந்த நிலையில் இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்கி விடுகிறது. ஈரத்தால் முடி நீளவும் செய்கிறது. இதைக் கொண்டே 1783-இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சொசூர், மனிதத் தலைமுடியாலான ஈரமானி பற்றி எழுதினார்.

முறியும் இடம்

தடித்த கயிற்றையும் மெல்லிய நூலையும் முடிச்சிட்டு இழுத்துப் பாருங்கள். கயிற்றின் நடுவில் அறுவதில்லை. முடிச்சுக்கு அருகில்தான் அறும். பண்பில் வேறுபட்ட இரு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் தகைவு குவிகிறது. சீப்பு நேர்முடியில் வழுக்கி வந்து, சுருள்களின் சிக்கலில் திடீரென நிற்கிறது. அப்போது இழுவிசை முழுவதும் எல்லைக்கோட்டின் மேல் விழுகிறது. அக்கோட்டுக்கு அப்பால் இருப்பதோ களிம்பினால் மெலிந்த முடி. ஆகவே, முறிவுக்குப் புதுமுடியின் வலுவின்மை காரணமன்று. அதன் விறைப்பும் சிக்கலுமே காரணங்கள். அவற்றைக் குறைத்தால் முறிவும் குறையும்.

நீரும் எண்ணெயும்

சுருள்முடி வறண்டு போவதற்கு இரு காரணங்கள் உண்டு. தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய், சுருளின் வளைவுகளைக் கடந்து எளிதில் பரவுவதில்லை. இரண்டாவது, குளிர்நாட்டின் காற்று. 0 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டர் இடத்தில் ஏறத்தாழ 5 கிராம் நீராவியே தங்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம் வரை தங்கும். சிக்காகோவின் குளிர்காலக் காற்றை வீட்டுக்குள் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கி விடுகிறது. அத்தகைய காற்று முடியிலுள்ள நீரைக் கவர்ந்து கொள்ளும்.

எண்ணெய் பூசினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எண்ணெய் ஹைட்ரஜன் பிணைப்பை அவிழ்ப்பதில்லை. அது நீர் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் மூடி மட்டுமே. எனவே முதலில் நீர், பிறகு கண்டிஷனர், அதன் மேல் சிறிது எண்ணெய் என்பதே சரியான வரிசை. முடியின் மேற்பரப்பு எதிர்மின்சுமை உடையது. கண்டிஷனரில் உள்ள முக்கியப் பொருள்கள் நேர்மின்சுமை உடையவை. ஆதலின் அவை முடியில் ஒட்டிப் படர்ந்து, இழைக்கும் சீப்புக்கும் இடையே உள்ள உராய்வைக் குறைக்கின்றன. நம் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேர்முடியை நனைந்த நிலையில் வாருவது கடினம்; இறுகிய சுருள்முடியையோ நனைந்த நிலையில் வாருவதே எளிது. ஆனால், களிம்பு பட்ட பகுதி நனைந்தால் மேலும் மெலிவடையும். ஆகவே, கண்டிஷனர் பூசி, அகன்ற பற்கள் உள்ள சீப்பைக் கொண்டு, நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக வேரை நோக்கிச் செல்ல வேண்டும். வேரிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லைக்கோடு தாங்காது.

இடைவெளியின் மதிப்பு

களிம்பை 2 முதல் 4 மாதங்களுக்கு ஒருமுறை, புதுமுடியில் மட்டுமே பூச வேண்டும் என்பது அமெரிக்கத் தோல்மருத்துவக் கழகத்தின் அறிவுரை. புதுமுடி விறைத்துச் சிக்குண்டால், இந்த இடைவெளியைக் குறைக்கத் தோன்றுவது இயல்பு. இங்கேதான் எச்சரிக்கை தேவை. எரிசோடா தலைத்தோலையும் புண்ணாக்கும். அன்றியும், 33,497 அமெரிக்கப் பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. முடியை நேராக்கும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாத பெண்களில் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாவோர் 1.64 விழுக்காடு, ஆண்டுக்கு 4 முறைக்கு மேல் பயன்படுத்துவோரில் அது 4.05 விழுக்காடு என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுகிறது. காரணத்தை நிறுவி விடவில்லை. எனினும், புறக்கணிக்கத் தக்கதன்று.

நீரினால் இளகும் முடி உலர்ந்தவுடன் பழைய நிலைக்கே திரும்பி விடுகிறது. அதனால்தான் இப்பராமரிப்பை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் அதே காரணத்தால், களிம்பைப் போல அது முடியை நிலையாக மாற்றி விடுவதுமில்லை. அடுத்த களிம்புக்கான நாளைத் தள்ளிப்போட விரும்பும் பெண்ணுக்கும், அதை முற்றிலும் கைவிட எண்ணும் பெண்ணுக்கும் இதுவே துணை.