டென்னசி தந்த வாக்குறுதி

எஸ்.பி.எம். முடிவுகள் வந்த வீட்டில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் எழும். என்ன படிப்பது என்பது முதல் கேள்வி. அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது இரண்டாம் கேள்வி. இரண்டாவதற்கு விடை கிடைக்காமல் முதல் கேள்வியையே கைவிட்ட குடும்பங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள டென்னசி மாநிலம் 2014ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை சொன்னது. பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் சமூகக் கல்லூரியில் கல்விக் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதே அந்த விடை. அத்திட்டத்தின் பெயர் 'டென்னசி ப்ராமிஸ்', அதாவது டென்னசி வாக்குறுதி.

நம் நாட்டைப் போலவே அமெரிக்காவிலும் சமூகக் கல்லூரிகள் உள்ளன. அங்கு ஈராண்டுப் படிப்பை முடித்தவர் வேலைக்குச் செல்லலாம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டப்படிப்பைத் தொடரவும் செய்யலாம். டென்னசியில் இத்தகைய மாநிலக் கல்லூரிகள் 13 இருக்கின்றன. அப்போதைய மாநில ஆளுநர் பில் ஹாஸ்லம், 2025ஆம் ஆண்டிற்குள் மாநில மக்களில் 55 விழுக்காட்டினர் கல்லூரிச் சான்றிதழோ பட்டமோ பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தார். அதற்கான பணம் புதிய வரியிலிருந்து வரவில்லை. மாநில லாட்டரி நிதியில் சேர்ந்திருந்த சேமிப்பை மூலதனமாக்கி, அதன் வருவாயிலிருந்து மாணவர்களின் கட்டணத்தைச் செலுத்த ஏற்பாடு செய்தனர். 2015ஆம் ஆண்டில் பள்ளியை முடித்தவர்களே முதல் அணியினர்.

இவ்வுதவியைப் பெறத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் தேவையில்லை. குடும்ப வருமானம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் இல்லை. மாநிலத்தில் வசிப்பவராகவும் அங்குப் பள்ளியை முடித்தவராகவும் இருந்தால் போதும். கேட்பதற்கு மிக எளிது. ஆனால், முதல் ஆண்டில் ஏறத்தாழ 58,000 மாணவர்கள் விண்ணப்பித்தனர். உதவியுடன் கல்லூரியில் சேர்ந்தவர்களோ 16,000 பேருக்குச் சற்றுக் கூடுதல்தான். எஞ்சியோரில் பலர் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றிருக்கலாம். மனம் மாறியவர்களும் இருந்திருப்பார்கள். ஆயினும், வழியில் இருந்த படிகளில் ஒன்றைத் தவறவிட்டு நின்றுபோனவர்களும் அதில் அடங்குவர்.

அந்தப் படிகளைப் பார்ப்போம். பள்ளியின் இறுதியாண்டில் நவம்பர் முதல் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின், மத்திய அரசின் மாணவர் நிதியுதவிப் படிவத்தைக் குறித்த நாளுக்குள் நிரப்ப வேண்டும். இப்படிவத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். பெற்றோரின் வருமான வரி விவரங்களை அது கேட்கிறது. தந்தை வேறு ஊரில் வசித்தாலோ, தாய் தம் கணக்கு விவரங்களைப் பிள்ளையிடம் சொல்லத் தயங்கினாலோ படிவம் மேசையிலேயே கிடக்கும். பதினேழு வயது மாணவனால் தனியாக நிரப்பக்கூடிய தாள் அன்று அது. இதற்காகவே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தன்னார்வ வழிகாட்டி நியமிக்கப்படுகிறார். தேதிகளை நினைவூட்டுவதும் ஐயங்களுக்கு விடை தேடித் தருவதும் அவரது பணி. மாணவர்கள் அறிமுகக் கூட்டத்திலும் கலந்துகொள்ள வேண்டும். கல்லூரி தொடங்குவதற்கு முன் எட்டு மணி நேரம் சமூகச் சேவை செய்து, அதனைப் பதிவும் செய்ய வேண்டும். நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம். பூங்காவைத் துப்புரவு செய்யலாம். ஒரு நாள் வேலைதான். ஆனால், செய்து முடித்துவிட்டுப் பதிவு செய்ய மறந்தால் செய்யாததற்குச் சமம்.

இனி, பணம் எவ்வாறு கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வுதவி வரிசையில் கடைசியாக நிற்கும் உதவி. ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு மத்திய அரசு 'பெல்' என்னும் உதவித்தொகையை வழங்குகிறது. அதுவும் மற்ற மாநில உதவிகளும் முதலில் கட்டணத்தில் கழிக்கப்படும். மிச்சம் இருந்தால் மட்டுமே டென்னசி வாக்குறுதி அதைச் செலுத்தும். கணக்கு எளிதாக இருக்க, ஓராண்டுக் கட்டணம் 4,000 டாலர் என வைத்துக்கொள்வோம். பெல் உதவியாக 1,500 டாலர் பெறும் மாணவிக்கு இத்திட்டம் 2,500 டாலர் தரும். பெல் உதவியே இல்லாத வசதியான வீட்டு மாணவனுக்கு 4,000 டாலரும் கிடைக்கும். 5,000 டாலர் பெல் உதவி பெறும் மிக ஏழை மாணவனுக்கோ இதிலிருந்து ஒரு டாலரும் வராது. அவனது கட்டணம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது அல்லவா? இது சரிதானா என்று அங்குப் பலரும் கேட்டிருக்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில், புத்தகம், பேருந்து, உணவு, வாடகை ஆகியவற்றுக்கு இத்திட்டம் பணம் தருவதில்லை. ஏழை மாணவனைப் படிப்பிலிருந்து வெளியே இழுப்பவை பெரும்பாலும் இவையே. மறுபுறம், 'கட்டணம் இல்லை' என்ற சொல்லே, கல்லூரி தங்களுக்கு உரியதன்று என்று எண்ணியிருந்த வீடுகளைப் படிவத்தை எடுக்க வைத்தது என்பதையும் மறுக்க இயலாது.

பெறுவதைவிடக் காப்பது கடினம். ஒவ்வொரு பருவமும் மாணவர் குறைந்தது 12 கிரெடிட் பாடங்களை எடுத்து முழுநேரமாகப் படிக்க வேண்டும். தரப்புள்ளிச் சராசரி 2.0க்குக் கீழே இறங்கக் கூடாது. எட்டு மணி நேரச் சேவையை ஒவ்வொரு பருவத்திற்கும் மீண்டும் செய்ய வேண்டும். நிதியுதவிப் படிவத்தை ஆண்டுதோறும் புதிதாக நிரப்ப வேண்டும்.

ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். நான்கு பாடங்கள் எடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றும் 3 கிரெடிட். மாலையில் பேரங்காடியில் வேலை. பருவத்தின் நடுவில் கணிதம் கைமீறிப் போகிறது. தோல்வி கண்டால் சராசரி சரியும் என்று அஞ்சி அப்பாடத்திலிருந்து விலகுகிறாள். மதிப்பெண்ணைக் காப்பாற்றிய மனநிறைவு அவளுக்கு. ஆனால், இப்போது அவளிடம் இருப்பது 9 கிரெடிட். அவள் முழுநேர மாணவி அல்லள். பாடத்தைக் காப்பாற்ற முயன்றவள் உதவித்தொகையை இழக்கும் நிலைக்கு வந்துவிடுகிறாள். கையெழுத்திடும் முன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திற்குச் சென்றிருந்தால், இதை ஒருவர் அவளுக்குச் சொல்லியிருப்பார். பாட ஆசிரியரிடமோ பயிற்சி மையத்திலோ உதவி பெறும் வழியும் தெரிந்திருக்கும்.

படிப்பை இடையில் நிறுத்துவதும் இப்படித்தான். ஒரு பருவம் ஓய்வெடுத்துவிட்டு வருகிறேன் என்று தானாக நின்றுவிட்டால் உதவி போய்விடும். கடும் நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களுக்கு விடுப்பு உண்டு. அதற்கும் கல்லூரியிடம் முறையாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் உதவி ஐந்து பருவங்களுக்கு மட்டுமே. ஈராண்டுப் படிப்பிற்கு நான்கு பருவங்கள் தேவை. தவறிய பாடத்தை மீண்டும் படிக்க ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஆறாம் பருவத்தில் அமரும் மாணவரின் கட்டணம் அவர் கையிலிருந்தே செல்லும்.