நீதிபதிகளிடம் ஒரு கேள்வி

1892 ஜூன் 7. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கோவிங்டனுக்கு முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி, வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார் ஹோமர் பிளெஸ்ஸி. பார்த்தால் அவரும் வெள்ளையர்தான். எட்டில் ஒரு பங்கு கறுப்பின ரத்தம் உடையவர் என்பதால் எழுந்து போகச் சொன்னார்கள். மறுத்தார், கைதானார். ரயிலில் நிறவாரியாகப் பெட்டி பிரித்த லூசியானா சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க, ஊர்க் குடிமக்கள் குழு ஒன்று திட்டமிட்டுச் செய்த காரியம் இது. அவர்களிடம் காசு வாங்காமல் வழக்கை நடத்த முன்வந்தவர் ஆல்பியன் டூர்ஜே.

1838இல் ஒஹாயோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து, முதல் பெரிய சண்டையிலேயே முதுகெலும்பில் அடிபட்டார். அந்த வலி கடைசிவரை விடவில்லை. போர் முடிந்ததும் தோற்ற தெற்கிலேயே, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில், குடியேறினார். 1868இல் அந்த மாநிலத்துக்குப் புது அரசியல் சாசனம் எழுதிய அவையில் முன்னின்றார். அதே ஆண்டு நீதிபதியானார்.

ஆறு ஆண்டுகள் அந்தப் பதவி. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் அவர் உயிருக்குக் குறிவைத்திருந்த காலம் அது. 1870இல் அவருடைய அரசியல் தோழர் ஜான் ஸ்டீபன்ஸை யான்சிவில் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே கொன்றார்கள். டூர்ஜே ஊரை விட்டு ஓடவில்லை. அந்த ஆண்டுகளில் கண்டதையெல்லாம் வைத்துப் பின்னாளில் அவர் எழுதிய நாவல் அமோகமாக விற்றது.

பிளெஸ்ஸி வழக்கில் அவர் வைத்த வாதங்களைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. ஒருவர் என்ன இனம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு ரயில் நடத்துநரிடம் எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்டார். வெள்ளையர் என்று அறியப்படுவதே அந்த நாட்டில் ஒரு சொத்து. விசாரணை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றார். நீதிக்குக் கண் கட்டியிருக்கிறது என்றால், சட்டமும் நிறம் பார்க்கக் கூடாது என்றார். நாளைக் காலை நீங்கள் எல்லோரும் கறுத்த தோலோடு கண் விழித்தால் இந்தச் சட்டத்தை ஒத்துக்கொள்வீர்களா என்று நீதிபதிகளிடமே கேட்டார்.

தோல்வி வரலாம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. உச்ச நீதிமன்றத்தில் நம் பக்கம் உறுதியாக இருப்பவர் ஒருவர்தான் என்று 1893இலேயே கணக்குப் போட்டு, நாட்டின் மனம் மாறட்டும் என்று வழக்கை அவசரப்படுத்தாமல் வைத்திருந்தார். மாறவில்லை. 1896 மே 18 அன்று ஏழுக்கு ஒன்று என்று பிளெஸ்ஸிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அந்த ஒருவர், நீதிபதி ஹார்லன். நமது அரசியல் சாசனத்துக்கு நிறம் தெரியாது என்று தன் மறுப்புரையில் எழுதினார். டூர்ஜேயின் மனுவில் இருந்த கருத்துதான் அது.

1897 ஜனவரியில் பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் கட்டினார். டூர்ஜே அதே ஆண்டு அமெரிக்கத் துணைத் தூதராகப் பிரான்சின் போர்தோவுக்குக் கிளம்பினார். 1905இல் அங்கேயே இறந்தார். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 1954.