நுழைவுத் தேர்வு முடிந்ததும் விடைகளை ஒப்பிடும் மாணவர்கள்: பயன் எங்கே, பிழை எங்கே?

புணே: மகாராஷ்டிர மாநிலம் புணேயில் விமான நிலையமும் விமானப்படைத் தளமும் அமைந்துள்ள பகுதி லோஹேகாவ். பல மாநிலங்களைச் சேர்ந்த விமானப்படைக் குடும்பங்கள் இங்கு வசிக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளும் இயங்குகின்றன. பிளஸ் 2 முடிக்கும் இப்பகுதி மாணவர்கள், மாநில அரசின் எம்எச்டி-சிஇடி, தேசிய அளவிலான ஜேஇஇ முதன்மைத் தேர்வு, நீட் என ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவுத் தேர்வுகளை எழுதுவது வழக்கம்.

ஒவ்வொரு தேர்வு முடிந்ததும், மைய வாயிலிலேயே விடை ஒப்பீடு தொடங்கிவிடுகிறது. "முடிந்ததைப் பேசி என்ன பயன்?" என்று பெற்றோர் கடிந்துகொள்வதும் வாடிக்கை. ஆனால், வினாத்தாளில் உள்ள பிழைகள் முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் இத்தகைய பேச்சில்தான். அந்தப் பேச்சு உரிய காலத்தில் முறையான புகாராக மாறுகிறதா என்பதே முக்கியம்.

21 வினாக்களில் பிழை

கடந்த 2025 ஏப்ரல் 27 அன்று காலை எம்எச்டி-சிஇடி தேர்வின் இயற்பியல், வேதியியல், கணிதப் பிரிவுக்கான அமர்வு நடைபெற்றது. அதில் ஆங்கில மொழியில் தேர்வெழுதிய மாணவர்கள், கணித வினாக்கள் சிலவற்றுக்கு அளிக்கப்பட்ட 4 தெரிவுகளிலும் சரியான விடையே இல்லை என்று புகார் தெரிவித்தனர். தனியாக ஒரு மாணவருக்கு இந்த ஐயம் எழுந்தால், தமது கணக்கில்தான் தவறு என்று எண்ணிக்கொள்வார். பலரும் அதே வினாக்களைக் குறிப்பிடும்போதுதான் தவறு வினாத்தாளில் உள்ளது என்பது உறுதியாகிறது.

மாநிலப் பொது நுழைவுத் தேர்வுப் பிரிவு மேற்கொண்ட ஆய்வில், கணிதத்தில் 21 வினாக்களின் தெரிவுகள் பிழையாக இருந்தது தெரியவந்தது. இதையடுத்து, பாதிக்கப்பட்ட 27,837 பேருக்கு மே 5 அன்று மறுதேர்வு அறிவிக்கப்பட்டது. தேர்வுக்கும் மறுதேர்வுக்கும் இடையிலான காலம் 8 நாட்கள் மட்டுமே.

இத்தேர்வின் மொத்த மதிப்பெண் 200. இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 50 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். கணிதத்தில் 50 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். அதாவது, 21 பிழையான வினாக்களின் மதிப்பு 42 மதிப்பெண். அவற்றை நீக்கியிருந்தால் கணிதத்தில் 29 வினாக்களே எஞ்சியிருக்கும். மேலும், விடையில்லாத கணக்குகளுடன் போராடி மாணவர்கள் இழந்த நேரத்தை எந்தக் கருணை மதிப்பெண்ணாலும் ஈடுசெய்ய இயலாது.

நினைவை நம்பி ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்

அதேவேளையில், தேர்வறை வாயிலில் நடைபெறும் ஒப்பீட்டைக் கொண்டு தரவரிசையைக் கணிப்பது பெரும்பாலும் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, வினா வரிசை. நீட் வினாத்தாள் வெவ்வேறு குறியீடுகளுடன் வழங்கப்படுகிறது. ஒருவருக்கு 12-ஆவதாக வரும் வினா மற்றொருவருக்கு 40-ஆவதாக வரலாம். கணினிவழித் தேர்வுகளிலும் வரிசை மாற்றியமைக்கப்படுவதால், "எனக்கு இரண்டாவது தெரிவு" என்று கூறுவதில் பொருளில்லை. விடையின் மதிப்பையே ஒப்பிட வேண்டும். ஜேஇஇ முதன்மைத் தேர்வின் விடைப்பதிவுத் தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் தெரிவுக்கும் தனித்தனி அடையாள எண் அச்சிடப்படுவது இதன் பொருட்டே.

இரண்டாவது, அமர்வு வேறுபாடு. எம்எச்டி-சிஇடி, ஜேஇஇ முதன்மைத் தேர்வு ஆகியவை பல நாட்களில் பல அமர்வுகளாக நடத்தப்படுகின்றன. ஒவ்வோர் அமர்வுக்கும் வினாத்தாள் வேறு. ஆகவே, காலையில் எழுதியவரும் மாலையில் எழுதியவரும் ஒப்பிடுவது இரு வெவ்வேறு தேர்வுகளையே ஆகும்.

மூன்றாவது, சதமானக் கணக்கீடு. இத்தேர்வுகளில் தரவரிசை நேரடி மதிப்பெண்ணைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. ஓர் அமர்வில் 20,000 பேர் எழுதி, அவர்களில் 19,000 பேர் ஒரு மாணவருக்குச் சமமாகவோ குறைவாகவோ மதிப்பெண் பெற்றிருந்தால், அவருடைய சதமானம் 95 ஆகும். கடினமான அமர்வில் 110 மதிப்பெண் பெற்றவர், எளிய அமர்வில் 120 பெற்றவரை முந்தவும் வாய்ப்புண்டு. எனவே, நண்பரைவிட 5 விடைகள் குறைந்துவிட்டன என்ற கவலைக்கு, இருவரும் ஒரே அமர்வில் எழுதியிருந்தால் மட்டுமே அடிப்படை உண்டு.

ஒரே வினா, 5 மதிப்பெண்

நாடு முழுவதும் ஒரே வினாத்தாளுடன் நடைபெறும் நீட் தேர்வில் நிலைமை வேறு. 2024 மே 5 அன்று நடைபெற்ற தேர்வில், அணு தொடர்பான ஓர் இயற்பியல் வினா உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது என்ற கூற்று சரியா, தவறா என்பதே அதிலிருந்த சர்ச்சை. பழைய என்சிஇஆர்டி பாடநூலின்படி ஒரு விடையும், புதிய பதிப்பின்படி மற்றொரு விடையும் பொருந்தின. இதனால் தேசியத் தேர்வு முகமை இரு விடைகளையும் ஏற்றுக்கொண்டது.

நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண் வழங்கப்படும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். ஆகவே, இவ்வொரு வினாவின் முடிவால் ஏற்படும் வேறுபாடு 5 மதிப்பெண். உச்சநீதிமன்ற உத்தரவின்பேரில் டெல்லி ஐஐடி அமைத்த 3 நிபுணர்கள் குழு, ஒரு விடை மட்டுமே சரி என்று தெரிவித்தது. மற்றொரு விடையைத் தெரிவு செய்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண் குறைந்தது. முதலில் 67-ஆக அறிவிக்கப்பட்டிருந்த முழு மதிப்பெண் பெற்றோர் எண்ணிக்கை, ஜூலை 26 அன்று வெளியான திருத்தப்பட்ட முடிவில் 17-ஆகச் சுருங்கியது.

தமிழ் மாணவர்களின் அனுபவம்

வினாத்தாள் மொழிபெயர்ப்புப் பிழை தமிழ் மாணவர்களுக்குப் புதிதன்று. 2018-ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், தலா 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலை 10 அன்று உத்தரவிட்டது. அதற்குள் தேர்வு முடிவுகள் வெளியாகி ஒரு மாதம் கடந்திருந்தது. அந்த உத்தரவுக்கு 10 நாட்களில் இடைக்காலத் தடை விதித்த உச்சநீதிமன்றம், அதே ஆண்டு நவம்பரில் அதனை ரத்து செய்தது.

மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது நீட் தேர்வின் விதி. 2025-இல் மகாராஷ்டிரத்தில் பிழை நேர்ந்ததோ ஆங்கில வினாத்தாளில். எந்த மொழியில் எழுதினாலும் பிழைக்கு வாய்ப்புண்டு என்பதையும், தரவரிசை வெளியாகும் முன் கண்டறியப்படும் பிழைக்கே எளிதில் தீர்வு கிடைக்கிறது என்பதையும் இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

மாணவர்கள் செய்ய வேண்டியது என்ன?

வினாத்தாளில் பிழை இருப்பதாக ஐயம் எழுந்தால், வினாவின் சாரம், தாம் கண்ட விடை, அளிக்கப்பட்ட தெரிவுகள் ஆகியவற்றை அன்றே குறித்து வைப்பது நல்லது. அதே அமர்வில் எழுதிய பிறரும் அதே வினாவைச் சுட்டினால், தாமதமின்றித் தேர்வு நடத்தும் அமைப்புக்குத் தெரிவிக்கலாம்.

அடுத்த கட்டமாக, தற்காலிக விடைக்குறிப்பும் மாணவரின் விடைப்பதிவும் இணையதளத்தில் வெளியாகும். முழுமையான ஒப்பீட்டுக்கு உரிய தருணம் அதுவே. ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாட்களே அவகாசம் தரப்படும். கட்டணமும் உண்டு: தேசியத் தேர்வு முகமையின் தேர்வுகளில் வினா ஒன்றுக்கு ரூ.200; எம்எச்டி-சிஇடி தேர்வில் ரூ.1,000. ஆட்சேபத்துடன் பாடநூல் பக்கம் போன்ற சான்றையும் இணைப்பது வலுச் சேர்க்கும்.

ஓர் ஆட்சேபம் ஏற்கப்பட்டால், அதன் பயன் கட்டணம் செலுத்தியவருக்கு மட்டும் உரியதன்று. திருத்தப்பட்ட விடைக்குறிப்பு அவ்வினாத்தாளை எழுதிய அனைவருக்கும் பொருந்தும். ஜேஇஇ முதன்மைத் தேர்வில் வினா நீக்கப்பட்டால், அதற்கு விடையளிக்காதவர் உட்பட அந்த அமர்வில் எழுதிய அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கப்படுகிறது. ரூ.1,000 தனித்துச் செலுத்த இயலாத மாணவர்கள், ஒரே வினாவைச் சுட்டும் நண்பர்களுடன் தொகையைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் பெயரில் ஆட்சேபம் தாக்கல் செய்தாலும் பலன் அனைவரையும் சென்றடையும்.