ஆறாவது நாள்

ஒரு கட்டைப்பை, இடுப்பில் ஒரு குழந்தை. ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் பல பெண்கள் அப்படித்தான் வந்து சேர்கிறார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக ‘சகி’ என்ற பெயரில் 2015 ஏப்ரல் முதல் நாடெங்கும் வந்த மையங்கள் இவை. சிகிச்சை, மனநல ஆலோசனை, போலீஸ் புகார், வக்கீல் என்று எல்லாவற்றுக்கும் அங்கே துணை உண்டு. மகளிர் உதவி எண் 181-ஐ அழைத்தாலும் வழி சொல்வார்கள். தங்கவும் இடம் தருவார்கள். எத்தனை நாள்? திட்ட விதிப்படி 5 நாள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லும் கணக்கு வேறு. மனு வந்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை. அன்றிலிருந்து 60 நாளில் முடித்துவைக்க மாஜிஸ்திரேட் முயல வேண்டும். முயல வேண்டும், அவ்வளவுதான். வாய்தா வாங்கிப் பழகிய ஊரில் அதற்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். அதுவரை அவள் எங்கே படுப்பாள்? அம்மா வீட்டிலா? “கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு” என்று சொல்ல அங்கே ஒருவராவது இருப்பார்.

அதனால் கைதேர்ந்த ஆலோசகர் முதல் நாளே ஆறாவது நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஆதாரும் மார்க் ஷீட்டும் எங்கே இருக்கின்றன? ஏ.டி.எம். கார்டு யார் கையில்? பேங்கில் கொடுத்திருக்கும் செல் நம்பர் யாருடையது? ஓ.டி.பி. இன்னும் கணவன் போனுக்குப் போனால், மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அவள் பெயரில் வந்தும் அவளுக்கு இல்லை. ரேஷன் கார்டு இன்னொரு தலைவலி. பழைய அட்டையில் பெயர் நீங்கினால்தான் புதியது. பிள்ளையின் படிப்பில் மட்டும் கொஞ்சம் நிம்மதி. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமாகிறது என்று அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

வழக்கு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதும் இல்லை. சட்டத்தின் 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். மாற்று வீடு பார்த்துத் தா, இல்லை வாடகையைக் கொடு என்று கணவனுக்கு உத்தரவிட 19ஆம் பிரிவு இடம் தருகிறது. இதை மனுவில் முதலிலேயே எழுதிக் கேட்பதற்குத்தான் திட்டம் வேண்டும்.

திரும்பிப் போகிற பெண்களும் உண்டு. பிள்ளைக்காக, பயத்தால், சில சமயம் பாசத்தால். அதைத் தோல்வி என்று ஆலோசகர் எழுதிவிடக் கூடாது. அடுத்த முறை எந்த நேரத்தில் கிளம்புவது, பையை யார் வீட்டில் வைப்பது என்று பேசி அனுப்ப வேண்டும். விட்டு விலகும் நேரம்தான் பல பெண்களுக்கு உயிராபத்து அதிகமான நேரம். அவள் மறுபடி வரும்போது அதே முகம் அங்கே இருக்க வேண்டும். ஆனால் மைய ஊழியர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அவளுடைய அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போடுகிறவருக்குத் தன் அடுத்த வருஷம் தெரியாது. அரசு முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. உங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருக்கலாம். பிள்ளையோடு ஒரு பெண் வந்து வாடகை கேட்டால், அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள். “வீட்டுக்காரர் எங்கே?” என்று மட்டும் கேட்காதீர்கள்.